பீர்க்கன்கரணையும் சூழ்ந்த பழம்பதிகளும்

சிவமயம்

இத்திருக்கோயிற் குடமுழுக்கு நன்னாளில் வெளிவரும் மலருக்கு ஊர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டுமெனத் திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். எழுபதைக் கடந்த முதுமையில், மடத்தின் நிழலில் இளமையிற் கற்ற சில நூல்களையும், பிற்காலத்தே ஊரூராகச் சென்று கண்ட சில கற்களையும் துணையாகக் கொண்டு இதனை எழுதத் துணிந்தேன். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

பேரூரின் வரலாற்றை அவ்வூர்க்குள்ளேயே தேடிக் கொள்ளலாம். சிற்றூரின் வரலாறு அங்ஙனம் அன்று. மேலேரியின் மிகைநீர் கீழேரிக்கு வழிவது போல அஃது ஊர்விட்டு ஊர் பரவிக் கிடக்கும். ஆகலின், பீர்க்கன்கரணையின் பழமையை அறிய விழைவோர் அதனைச் சூழ்ந்த பதிகளையும் உடன் காணல் வேண்டும். மேற்கே மணிமங்கலம், கிழக்கே மாடம்பாக்கம், வடக்கே திரிசூலம், பல்லாவரம் ஆகிய இவ்வூர்களின் நடுவே, தாம்பரத்திற்கும் வண்டலூருக்கும் இடையில், தென்திசைப் பெருஞ்சாலையின் ஓரத்தில், ஏரியும் ஊருமாக அமைந்தது பீர்க்கன்கரணை. அண்டையூர்களின் பழங்கதையே இவ்வூரின் பழங்கதையுமாம்.

நாடும் ஊரும்

பண்டைத் தொண்டை நாடு 24 கோட்டங்களாக வகுக்கப் பெற்றிருந்தது. கோட்டத்தின் உட்பிரிவு நாடு. நாட்டின் உறுப்பு ஊர். சோழர் ஆட்சியில் இத்தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. இப்பகுதிக்கு உரிய கோட்டங்களுள் புலியூர்க் கோட்டம் சைவர் நெஞ்சில் என்றும் நிற்பது. பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் இக்கோட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சுப் பூண்ட அப்பெருமான், தம் ஊரில் திருநாகேச்சரம் என்னும் திருக்கோயிலை எடுப்பித்ததனை யாவரும் அறிவர். பல்லாவரத்தினின்று குன்றத்தூர் செல்லும் வழியிற் போவோர், நாயன்மார் வரலாற்றை நமக்குத் தந்த பெருமான் நடந்த மண்ணில் செல்கின்றோம் என்பதனை ஒரு கணமேனும் நினைத்தல் தகும்.

பீர்க்கன்கரணை என்னும் பெயரை நோக்குங்கால், பீர்க்கு என்பது கொடிவகையுள் ஒன்று. கரணை என்பது நடுதற்கு வெட்டிய கரும்புத் துண்டுக்கு உழவர் வழங்கும் பெயர். பள்ளிக்கரணை என்னும் அண்மையூரின் பெயரிலும் இவ்வீறு காணப்பெறும். பெயர்ப் பொருளை முடிந்த முடிபாக நிறுவுதல் ஈண்டு நம் நோக்கமன்று. கொடியும் கரும்புமாகிய சொற்கள் செவியிற் படும்போதே நீர் வளமும் உழவும் நினைவிற்கு வருகின்றன என்பது மட்டும் கூறியமைவாம்.

மணிமங்கலம் கண்ட போர்

மேற்கே உள்ள மணிமங்கலத்தை இன்று காண்போர், ஏரிக்கரையும் வயலும் பழங்கோயில்களும் கொண்ட அமைதியான ஊர் என்றே கருதுவர். 7-ஆம் நூற்றாண்டில் அங்கே யானைப் படைகள் மோதின. வாதாபிச் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிங்கவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் வென்றான் எனக் கூரம் செப்பேடு கூறுகின்றது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு, விசயம் என்னும் மூன்றெழுத்தை அப்பல்லவன் எழுதினான் என்பது அச்செப்பேட்டுப் புலவனின் கற்பனை.

இப்போர் பற்றிய நினைவு சைவர்க்கு மிக நெருங்கியது. 642-ஆம் ஆண்டளவில் பல்லவர் படை வாதாபி நகரை வென்றது. வாதாபியை அழித்துப் பெரும்பொருள் கொணர்ந்த படைத்தலைவர் பரஞ்சோதியார் என்றும், அவரே பின்னர்ச் செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதூட்டிய சிறுத்தொண்ட நாயனார் என்றும் பெரிய புராணம் உரைக்கும். ஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகத்தில் சிறுத்தொண்டரைக் குறித்தருளியமையால், சம்பந்தர் காலத்தைக் கணிப்பதற்கும் இவ்வெற்றி துணையாயிற்று. ஆசிரியர் இப்பகுதியைப் பாடஞ்சொன்ன நாளில், வாதாபி எங்கோ வடக்கே கன்னட நாட்டில் உள்ளது என்ற அளவில் அடியேன் கேட்டு நின்றேன். அப்பகையின் ஒரு கட்டம் தாம்பரத்திற்குச் சில கல் தொலைவிலேயே நிகழ்ந்தது என்று பிற்காலத்தே அறிந்தபோது, படித்த புராணம் கண்முன் வந்து நின்றது போலாயிற்று.

சோழர் காலத்தில் மணிமங்கலம் செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டில் அமைந்த பிரமதேய ஊர். அங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 1054-ஆம் ஆண்டளவில் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்ததும், இளவல் இராசேந்திரன் அக்களத்திலேயே முடிசூடிப் போரை வென்றதும் சோழர் வரலாற்றில் உருக்கமான செய்திகள். வீரராசேந்திரன் கூடல்சங்கமத்தில் பெற்ற வெற்றியையும் மணிமங்கலத்துக் கல்லெழுத்து விரித்துரைக்கின்றது. கல்வெட்டறிஞர் ஊல்ச் இவற்றைப் படியெடுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியாக 1899-ஆம் ஆண்டில் அச்சிட்டார். சிவபத்தியிற் சிறந்த சோழ வேந்தரின் வெற்றிகளைத் திருமால் கோயிற் சுவர் காத்துத் தந்தது. நம் முன்னோர் கோயிலைக் கோயிலாகவே போற்றினர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தூங்கானை மாடம்

இப்பகுதிக் கோயில்களுக்குத் தனிச் சிறப்பாவது தூங்கானை மாட அமைப்பு. கருவறையின் முன்புறம் நேராகவும் பின்புறம் அரைவட்டமாக வளைந்தும் இருக்கும். பின்னே நின்று நோக்கினால் யானை படுத்துறங்குவது போலத் தோன்றும். வடமொழியில் இதனைக் கசபிருட்டம் என்பர். பெண்ணாகடத்துத் திருக்கோயிலுக்கே தூங்கானை மாடம் என்ற பெயர் தேவாரத்தில் வழங்குகின்றது. மாமல்லபுரத்துச் சகாதேவன் தேர் இவ்வமைப்பினது. அதனருகே கல்லில் ஒரு யானையையும் சிற்பிகள் செதுக்கி வைத்துள்ளனர். தொண்டை நாட்டில் திருவொற்றியூர், திருவலிதாயம், திருமுல்லைவாயில் முதலிய தலங்களிலும் இவ்வடிவைக் காணலாம். அவற்றுள் திருவொற்றியூர்க் கருவறையை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கல்லால் அமைத்த தச்சனின் பெயரும் கல்வெட்டில் உள்ளது. இரவி என்ற வீரசோழத் தச்சன் அவன்.

நம் அண்மையில் உள்ள மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் திருக்கோயிலும் தூங்கானை மாடமே. இராசராசனின் தந்தையாகிய சுந்தரசோழன் காலத்தது அத்திருக்கோயில் என்பர். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுள் மறைந்திருந்த இலிங்கத் திருமேனிக்குப் பால் சொரிந்து வழிபட்டார் என்பது தலவரலாறு. தேனு என்பது பசு. அம்மைக்கும் தேனுகாம்பாள் என்பதே திருப்பெயர். அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியுள்ளார். பிற்காலத்து மண்டபத் தூணொன்றில் உள்ள சரபமூர்த்தியை ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பர் பலர் வழிபடுகின்றனர். இத்திருக்கோயில் மைய அரசின் தொல்லியல் துறைக் காப்பில் உள்ளது.

வடக்கே குன்றுகளின் நடுவில் திரிசூலநாதர் திருக்கோயில் உள்ளது. கல்வெட்டுகளில் இவ்வூரின் பெயர் திருச்சுரம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இங்குண்டு. சூழ்ந்துள்ள நான்கு குன்றுகளை நான்மறையாகக் கருதுவது மரபு. அக்குன்றுகளின் ஒரு பகுதி சல்லிக் கல்லுக்காக வெட்டப்பட்டு இன்று குழியாய்க் கிடப்பதனை வருத்தத்தோடு குறிக்க வேண்டியுள்ளது.

தூங்கானை மாடத்தைப் பற்றி ஈண்டு விரித்தமைக்குக் காரணம் உண்டு. சதுரமான சுவரில் ஒரு கல் இருந்த இடத்தில் அதே அளவுள்ள மற்றொரு கல்லை வைத்துவிடலாம். வளைந்த சுவரில் அஃது எளிதன்று. ஒவ்வொரு கல்லும் தான் இருக்கும் இடத்தின் வளைவுக்கேற்பச் செதுக்கப்பட்டது. எண்ணிட்டுக் குறியாமல் பிரித்தால் மீண்டும் பொருந்தாது. திருப்பணி செய்வோர் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இது.

குன்றும் குடைவரையும்

பல்லாவரத்தின் பழமை கோயில்களுக்கும் மூத்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலப்பொதியியல் அறிஞர் இராபர்ட் புரூசு பூட் அங்குக் கற்கால மனிதர் செதுக்கிய கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். பாரத நாட்டில் பழைய கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே வித்தாயிற்று. அவ்வூர்க் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த ஐந்து அறைகள் கொண்ட குடைவரையும் உண்டு. அதில் அவன் விருதுப் பெயர்கள் பொறிக்கப் பெற்றுள்ளன. இந்நாளில் அஃது இசுலாமியப் பெருமக்கள் வழிபடும் இடமாக உள்ளது. வழிபடுவோர் மாறினும், 1400 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்து அங்கு நிற்கின்றது.

அண்மைக் காலம்

இருப்புப் பாதை வந்தபின் இப்பகுதியின் முகம் மாறத் தொடங்கியது. 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளர்க்காகத் தாம்பரத்தில் ஆரோக்கிய நிலையம் ஒன்றை நிறுவினார். 1937-இல் அரசினர் அதனை ஏற்றனர். சானடோரியம் என்ற பெயர் புகைவண்டி நிலையத்துக்கே நிலைத்துவிட்டது. 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. 1837-இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு நிறைந்த 1937-இல் நகரை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. 1985-இல் வண்டலூரில் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதுவரை பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021-இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. வயல் மனையாயிற்று, மனை மாடியாயிற்று. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய அன்பர் பலரின் பொருளுதவியாலும் உழைப்பாலும் திருப்பணிகள் நிறைவேறுகின்றன. அவர்களும் இம்மண்ணின் பழமைக்கு உரியவர்களே.

கோயிலும் ஏரியும்

தொண்டை நாட்டில் வற்றாத பேராறு இல்லை. ஆகவே முன்னோர் ஏரி தோண்டினர். மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் குடைவரையும் ஏரியும் ஒருங்கே அமைத்தான். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுமிடத்தில் ஏரி வாரியம் என ஒரு தனி வாரியத்தைக் குறிக்கின்றன. கோயிலுக்கு விட்ட நிலம் விளைய ஏரி நிறைய வேண்டும். ஏரி தூர்ந்தால் திருவிளக்கும் அவியும்.

2015-ஆம் ஆண்டு திசம்பர்ப் பெருமழையில் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய அண்மை ஊர்கள் நீரில் மூழ்கியதனை நாம் கண்கூடாகக் கண்டோம். ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் மிகைநீர் கூடியே அடையாறு தோன்றுகின்றது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, நாம்தான் மறந்தோம். பீர்க்கன்கரணை ஏரியைக் காப்பதும் இவ்வூர்க் கோயிலைக் காப்பதன் ஒரு கூறே.

அடியேன் செய்த பிழை

இனி, இக்கட்டுரையில் எழுதக் கூசிய ஒன்றை எழுதுகின்றேன். மடத்துப் படிப்பு முடிந்து காவிரிக் கரையில் தமிழாசிரியனாக இருந்த காலம். ஊர்ப் பெயர் வேண்டா. அங்கு ஒரு பழைய சிவாலயத்தில் திருப்பணி தொடங்கிற்று. அடியேனையும் குழுவில் சேர்த்துக் கொண்டனர். கருவறையின் தென்புறத்து அதிட்டானத்தில் நான்கு வரி எழுத்து இருந்தது. விடுமுறை நாள் ஒன்றில் அதனைத் துலக்கி, ஒரு விளக்குக்கு நிலம் விட்ட செய்தி என்ற அளவில் படித்திருந்தேன். முழுதும் படியெடுக்க நேரம் வாய்க்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டேன்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அப்பகுதி பார்வைக்கு நன்றாக இல்லை என்றும், சிமெந்து பூசிப் பளிங்குக் கல் பதிக்கலாம் என்றும் குழுவில் பேச்சு எழுந்தது. பளிங்குக்குப் பொருள் தர முன்வந்தவரும் அங்கே இருந்தார். எல்லோரும் மகிழ்ந்தனர். எழுத்து இருக்கின்றதே என்று சொல்ல வாய் எடுத்தேன். இளையவன் பெரியோர் முன் தடை சொல்வதா என்று அடங்கிவிட்டேன். குடமுழுக்கும் சிறப்பாக நடந்தது.

சில ஆண்டு கழித்து ஒரு மூதாட்டி தம் பேரனோடு என்னிடம் வந்தார். தம் குடும்பத்து முன்னோர் ஒருவர் அக்கோயிலில் விளக்குக்கு நிலம் விட்டதாக வழிவழியாகச் சொல்வர். அது கல்லில் உள்ளதாமே, அவர் பெயர் என்ன என்று படித்துச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார். அவர் நிலத்தைத் திரும்பக் கேட்க வரவில்லை. அணைந்து போன அவ்விளக்கை மீண்டும் ஏற்ற விரும்பினார். முன்னோர் பெயரால் ஏற்ற விரும்பினார். பளிங்கின் முன்னே அவரை அழைத்துச் சென்று நின்றேன். சொல்வதற்கு என்னிடம் பெயர் இல்லை. நான்கு வரியைப் படியெடுத்திருந்தால் ஒரு பகற்பொழுது செலவாகியிருக்கும். அப்பெயர் அக்கல்லில் இன்றும் இருக்கலாம். ஆயின் படிப்பார்க்கு இல்லை.

கல்லெழுத்து வேண்டுவது

கல்வெட்டு ஒன்று எவ்வாறு அமைந்துள்ளது என்பதைத் திருப்பணிச் செல்வர்கள் அறிந்திருத்தல் நலம். முதலில் மன்னனின் மெய்க்கீர்த்தி, அடுத்து ஆட்சியாண்டு, பின்னர்க் கோட்டம், நாடு, ஊர், அதன்பின் கொடை. நந்தா விளக்கு ஒன்றுக்குத் 90 ஆடுகளோ 96 ஆடுகளோ விடுவது வழக்கம். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்தவை கழியக் குட்டிகள் பெருகி எண்ணிக்கை குறையாதிருக்குமாதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொடுத்தவர் வேந்தரும் அரசியரும் மட்டும் அல்லர். வணிகர், படைவீரர், பணிப்பெண்டிர், குற்றத்துக்குக் கழுவாய் தேடிய எளியோர் எனப் பலர்.

இறுதியில் ஒரு வேண்டுகோள் வரும். இத்தருமத்தைக் காப்பவர் எவரோ அவர் திருவடி என் தலைமேல் ஆகுக என்று கொடையாளி வேண்டுவார். காவல் பொறுப்பு மாகேசுவரர் யாவர்க்கும் உரியதென்று ஒப்படைக்கப்படும். பொருள் தந்தவர், தமக்குப் பின் எத்தனையோ நூற்றாண்டு கழித்து வரப்போகும் முகமறியா ஒருவரின் பாதத்தைத் தம் தலையில் ஏற்கின்றார்! அம்முகமறியா ஒருவர் யார்? இன்று திருப்பணி செய்யும் நாமே. எழுத்தை மறைத்தோமாயின், நம்மை வணங்கி நிற்கும் ஒருவரின் முகத்தில் சிமெந்தைப் பூசியவர் ஆவோம்.

ஆகவே இவ்வட்டாரத்தில் பழங்கோயிற் பணியில் ஈடுபடும் அன்பர்க்குச் சில சொற்கள். வேலை தொடங்குமுன் சுவரையும் அதிட்டானத்தையும் படிக்கட்டையும் நன்கு துலக்கிப் பாருங்கள். எழுத்துக் காணின் தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்து மைப்படியும் நிழற்படமும் எடுக்கச் செய்யுங்கள். மணலை விசையோடு பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தல் கூடவே கூடாது. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் நகக்கண் ஆழமே உள்ள எழுத்தும் உதிர்ந்துவிடும். வண்ணமும் சிமெந்தும் எழுத்தின்மேல் படலாகாது. பிரிக்கும் கற்களுக்கு எண்ணிடுங்கள். எழுத்துள்ள பலகைக்கல்லை வாயிற்படியாகவோ துவைகல்லாகவோ போடாதீர்கள். உபயதாரர் பெயர்ப்பலகையைப் பழஞ்சுவரில் ஆணியடித்து மாட்டாமல் தனியிடத்தில் நிறுவுங்கள். 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் பழங்கோயில்களையும் அவற்றின் உடைமைகளையும் காப்பது பற்றி 75 கட்டளைகள் பிறப்பித்தது. சட்டம் சொல்லும் முன்னரே நம் சமயம் சொல்லிய அறம் இது.

புதிய கோயிலாயினும் இஃது பொருந்தும். இன்று நீங்கள் ஈந்த பொருளும் உங்கள் பெயரும் இனி வருவோர்க்குத் தெரிதல் வேண்டுமானால், நன்கொடைக் கணக்கையும் திருப்பணி நாளையும் ஆண்டையும் தெளிந்த தமிழில் கல்லிற் பொறித்து வையுங்கள். இம்மலரின் படியொன்றையும் கோயிலிற் காத்து வையுங்கள். நூறாண்டு கழித்து ஒரு மூதாட்டி பேரனோடு வந்து எம் முன்னோர் பெயர் என்ன என்று கேட்கும்போது, படித்துச் சொல்லும் ஒருவர்க்கு அவை உதவும்.

திருக்குடங்களில் நிறைத்த நீரை விமானத்தின்மேல் பெய்யும் பொழுதில், இத்திருப்பணிக்குப் பொருள் தந்தோரையும், கல் சுமந்தோரையும், செதுக்கினோரையும் நினைந்து கைகூப்புவோம். அவர்களோடு, மணிமங்கலத்திலும் மாடம்பாக்கத்திலும் திருச்சுரத்திலும் கல்லாய் நின்று நம் திருவடியைத் தம் தலைமேற் கொண்ட அப்பழைய அன்பர்களையும் நினைவோமாக. பீர்க்கன்கரணை ஏரி நிறைக. திருவிளக்கு நின்று எரிக. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் யாவர்க்கும் பெருகுக.

திருச்சிற்றம்பலம்